பிளக் போட்டதும் அடாப்டர் லைட் அணைகிறது: ஒரு லேப்டாப்போடு நான்கு நாள்

தங்கை மகளின் லேப்டாப் போன வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தது. ஆறு வருஷப் பழசு. கடைசி வருஷ ப்ராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

"மாமா, கடையில மதர்போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகுமாம். நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்று பையோடு வைத்துவிட்டாள். அதே கடையில் முதலில் அடாப்டர்தான் போயிருக்கும் என்று சொல்லி 1,200 ரூபாய்க்குப் புதுசு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் உயிர் வரவில்லை. அப்புறம்தான் மதர்போர்டு.

எனக்கு இது தொழில் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய ரேடியோ, இன்வெர்ட்டர், லேப்டாப் என்று பிரித்து உட்கார்வது நாலைந்து வருஷப் பழக்கம். "மதர்போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது. அதில் ஆயிரத்துக்கு மேல் பாகங்கள் இருக்கின்றன. எது போச்சு என்று தெரிந்தால்தான் அதை மாற்றுவதா, போர்டையே மாற்றுவதா என்று முடிவு செய்ய முடியும்.

முதல் ராத்திரி ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. "கடைசியா ஓடினப்போ என்ன ஆச்சு, அதை மட்டும் சொல்லும்மா" என்று போனில் கேட்டேன். "சார்ஜர் போட்டுத்தான் இருந்தேன் மாமா. ஆனாலும் சார்ஜ் இறங்கிக்கிட்டே வந்துச்சு. நாற்பது, முப்பதுன்னு போய் அணைஞ்சுடுச்சு" என்றாள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பேட்டரியில் கடைசி வரை ஓடியிருக்கிறது என்றால் ப்ராசஸர், ரேம், டிஸ்பிளே எல்லாம் அன்று வரை நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. அடாப்டர் கரண்ட் உள்ளே நுழையும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது.

அடாப்டரின் ஸ்டிக்கரில் 19.5 வோல்ட், 3.33 ஆம்ப் என்று இருந்தது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் உள்சுவரிலும் கறுப்பை வெளிச்சுவரிலும் தொட்டால் 19.6. நடுவில் ஊசி உள்ள பின்களில் அந்த ஊசி பெரும்பாலும் அடாப்டரை லேப்டாப்புக்கு அடையாளம் சொல்லும் கம்பி. அதில் 19 வோல்ட்டைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

பின்னை லேப்டாப்பில் செருகினேன். அடாப்டரின் பச்சை லைட் அணைந்தது. உருவினேன், சில நொடியில் திரும்ப எரிந்தது. புது அடாப்டரிலும் இதே கதை. இரண்டு அடாப்டரும் நன்றாகவே வேலை செய்கின்றன. எதிரே ஷார்ட் (கரண்ட் நேராகக் கிரவுண்டுக்குப் பாயும் குறுக்குவழி) இருப்பதைக் கண்டு தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அணைகின்றன. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்த 1,200 ரூபாய் மிச்சம்.

பவர் பட்டனை முப்பது நொடி அமுக்கிப் பிடிக்கும் வைத்தியத்தையும் செய்தேன். போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்து, மாட்டிக்கொண்ட கண்ட்ரோலர் சில நேரம் சரியாகிவிடும். செலவில்லாத வேலை, முதலில் செய்துவிடுவது நல்லது. ஆனால் ஷார்ட்டுக்கு முன்னால் அது பலிக்காது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பிரித்தேன். பதினொரு ஸ்க்ரூ, அதில் இரண்டு பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில். நீளமும் குட்டையும் கலந்திருப்பதால் அட்டையில் லேப்டாப்பின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் ஏற்றினால் போர்டையே துளைத்துவிடும். மூடி கழன்றதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை உருவுவதுதான். அதைச் செய்யாமல் உள்ளே எந்த இரும்பும் போகக் கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். உப்பியிருந்தால் நெம்பாமல், குத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். இது தட்டையாகத்தான் இருந்தது. பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கைக் காக்கும் பட்டன் செல்லையும் கழற்றினேன்.

இனி அளவு. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 ஓம், அது ஒயரின் சொந்த எதிர்ப்பு. பின் செருகும் ஜாக்கின் பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.5. அதாவது உண்மையில் 0.3 ஓம்தான், சுத்தமான ஷார்ட். ஜாக்கிலிருந்து வரும் கரண்டை முதலில் ஒரு மாஸ்ஃபெட் வழிமறிக்கும். எட்டுக் கால் உள்ள கறுப்புச் சில்லு அது. போர்டு சம்மதித்தால்தான் கதவைத் திறக்கும். அதற்கு அந்தப் பக்கம் அளந்தால் பல கிலோ ஓம் காட்டியது. ஷார்ட் கதவுக்கு வெளியே, வாசலிலேயே இருக்கிறது! உள்ளே இருக்கும் விலையுயர்ந்த சில்லுகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஜாக்குக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் அரிசிக் குருணை அளவில், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் நான்கு செராமிக் கெப்பாசிட்டர்கள். நான்கும் பேரலலில், அதாவது ஒரே இரண்டு முனைகளுக்கு நடுவில் இருப்பதால் எதை அளந்தாலும் ஷார்ட் என்றே காட்டும். தெர்மல் கேமரா இருந்தால் ஒரு பார்வை போதும். என்னிடம் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எப்போதோ வாங்கிய பெஞ்ச் பவர் சப்ளை (வோல்ட்டையும் கரண்டையும் நாமே கட்டுப்படுத்தும் கருவி) இருக்கிறது. அதை 1 வோல்ட்டுக்கு இறக்கி, கரண்டை 2 ஆம்ப்புக்கு மேல் போகாதபடி கட்டினேன். 1 வோல்ட்டால் நல்ல பாகம் எதுவும் கெடாது. ஷார்ட் ஆன பாகம் மட்டும் கரண்டை இழுத்துச் சூடாகும்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷைத் தோய்த்து நான்கின் மேலும் தடவினேன். டேபிள் லைட்டைச் சாய்த்து வைத்துக் குனிந்து பார்த்தால், நான்கும் ஈரத்தில் மினுமினுக்கின்றன. சப்ளையை ஆன் செய்தேன். இரண்டு மூன்று நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் ஜாக்குக்கு அடுத்து இரண்டாவதாக இருந்த கெப்பாசிட்டரின் மேல் மட்டும் ஈரம் விளிம்பிலிருந்து சுருங்கி, சின்னப் புகை போல் எழும்பிக் காய்ந்தது. மற்ற மூன்றும் இன்னும் நனைந்தே இருந்தன. திரும்ப ஒரு தடவை தடவினேன். அதே இடம்தான் முதலில் காய்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் குறுக்கே முடி அளவு விரிசல். இந்த வகைக் கெப்பாசிட்டர் விரிசல் விட்டால் உள்தகடுகள் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகும். பின்னைச் செருகியபடியே லேப்டாப்பைத் தூக்குவாள், ஜாக் பக்கம் போர்டு வளைந்து வளைந்து வந்த வினையாக இருக்கலாம்.

கழற்றுவது சனிக்கிழமை நடந்தது. கிரவுண்ட் பக்கம் பெரிய செம்புத் தகடு, வைக்கிற சூட்டையெல்லாம் குடித்துவிடும். இரண்டு முனையிலும் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பொருள்) புது ஈயமும் சேர்த்து, ஹாட் ஏரில் கொஞ்சம் சூடேற்றி, பிறகு இடுக்கியால் லேசாக நகர்த்தினேன், வந்துவிட்டது. ஜாக்கில் மறுபடி அளந்தால் ஷார்ட் இல்லை. ஒரு ஸ்க்ராப் போர்டில், அதேபோல ஜாக்குக்குப் பக்கத்தில் இருந்த அதே அளவுக் கெப்பாசிட்டரை எடுத்து வைத்தேன். வெளியே வாங்கினால் 50 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். 16 வோல்ட் சரக்கை 19 வோல்ட் லைனில் வைத்தால் திரும்ப இதே இடத்துக்கு வந்து நிற்போம்.

அடாப்டரைச் செருகினேன். பச்சை லைட் அணையவில்லை. லேப்டாப்பின் சார்ஜிங் லைட்டும் எரிந்தது.

பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. டார்ச் அடித்துத் திரையைச் சாய்வாகப் பார்த்தேன். பேக்லைட் மட்டும் போயிருந்தால் மங்கலாக ஏதாவது தெரியும், ஒன்றும் தெரியவில்லை. வெளி மானிட்டரிலும் இல்லை. அணைத்தேன். ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை வெள்ளை ரப்பரால் துடைத்து மாட்டினேன். இல்லை. ஒரு ரேம் மட்டும் வைத்தேன். இல்லை. ஸ்லாட் மாற்றினேன். அதுவும் இல்லை. மணி பன்னிரண்டரை, படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலையில்தான் உறைத்தது. பட்டன் செல்லைக் கழற்றியதால் போர்டு எல்லாவற்றையும் மறந்திருக்கிறது. ரேமின் வேகத்தையும் நேரக் கணக்கையும் அது முதலிலிருந்து பழகிக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நான் பத்துப் பன்னிரண்டு நொடியில் அணைத்து அணைத்து ஒவ்வொரு தடவையும் அதை முதலுக்கே தள்ளியிருக்கிறேன். இரண்டு ரேமையும் மாட்டி, பட்டனை அமுக்கி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஐம்பது நொடி. தானே ஒரு முறை அணைந்து எழுந்தது. லோகோ வந்தது.

அதற்கு அடுத்து, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற செய்தி. பழைய அனுபவம் இல்லாவிட்டால் இந்த இடத்தில் எஸ்எஸ்டி போச்சு என்று நினைத்திருப்பேன். பயாஸுக்குள் போனால் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது, எஸ்எஸ்டியின் பெயரோ பட்டியலில் சரியாகவே தெரிந்தது. பூட் மோட் மட்டும் லெகசி என்ற பழைய முறைக்கு மாறியிருந்தது. பட்டன் செல்லை அளந்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.2தான். புது சிஆர் 2032 போட்டு, தேதியைச் சரிசெய்து, பூட் மோடை யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றினேன். இப்போது விண்டோஸ் வந்து பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) சாவி கேட்டது, 48 இலக்கம். செட்டிங் மாறியதும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அது நினைக்கிறது. அவளை அழைத்தேன். தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்து ஆறு ஆறு இலக்கமாகப் படித்தாள், நான் அடித்தேன். கடைசி இலக்கம் முடிந்ததும் டெஸ்க்டாப் திறந்தது. "ப்ராஜெக்ட் ஃபோல்டர் இருக்கா மாமா?" என்றாள். இருந்தது. அன்றே வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிட்டேன்.

இப்போது மூன்று நாளாக ஓடுகிறது. வீடியோ ஓடவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜாக் பக்கம் தொட்டுப் பார்த்தேன், வழக்கமான வெதுவெதுப்புதான். பேட்டரி ரிப்போர்ட்டில் புதுசில் 42 வாட் ஹவர் பிடித்தது இப்போது 25தான் பிடிக்கிறது. செமஸ்டர் முடிந்ததும் பேட்டரி மாற்ற வேண்டும். அன்றைக்கே ஜாக்கின் ஈயப்பற்றையும் ஒரு தடவை புதுப்பித்துவிடுவேன்.