ஏழு கிணறும் நூறு வினாக்கொத்தும்

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிற எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, எத்தனை வினாக்கொத்து குடுத்தால் காணும்?" தலைப்பே இன்னும் முடிவாகியிருக்காது. படிப்பது வரலாறா, விலங்கியலா, சட்டமா என்றுகூட யோசிப்பதில்லை. நூறு வினாக்கொத்து, நாலு வட்ட வரைபடம், ஆய்வு முடிந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

நான் படித்தது வரலாறு, எடுத்தது திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்று. "இராவணன் தாயாரின் கிரியைக்காக உண்டான ஏழு கிணறு என்ற கதையை நம்புகிறீர்களா? ஆம் / இல்லை / கருத்தில்லை" என்று அச்சடித்துக்கொண்டு உப்புவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம் என்று வெயிலில் திரிந்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஆம். கட்டாகக் கொண்டுபோய் மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தபோது அவர் இரண்டு மூன்று தாளைப் புரட்டிவிட்டு, "சரி, இதிலயிருந்து எனக்கு என்ன விளங்குது?" என்றார். பதில் இல்லை.

தம்பலகாமத்தில் ஒரு அம்மம்மா அந்தத் தாளை வாங்கவே இல்லை, எழுத்து வாசிக்கத் தெரியாது என்று தள்ளிவிட்டு, தன் புருசனின் முப்பத்தோராம் நாளுக்குக் கன்னியாவுக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். யார் யார் போனது, எந்தக் கிணற்றில் முதலில் வார்த்தது, இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் கன்னியாவுக்குப் போக முடியாமல் வேறு எங்கே அந்தக் கடமையை முடித்தது என்று ஒரு மணித்தியாலம். நான் ஒலிப்பதிவைக்கூடப் போடவில்லை, வினாக்கொத்து நிரப்பாத ஆள்தானே என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஆய்வு அங்கேதான் இருந்தது. கதை உண்மையா பொய்யா என்பது என் கேள்வியே அல்ல, அந்தக் கதையை வைத்துக்கொண்டு எங்கள் ஆக்கள் என்ன செய்துவந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்பார், இன்னொருவர் விஷ்ணு உண்டாக்கியது என்பார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், எந்தக் குடும்பத்தில் எந்தக் கதை, ஏன், என்று பார்ப்பதே வேலை. பிறகு மறுபடியும் போனேன். அதே கதையை அவர் இரண்டாம் தரம் சொன்னபோது பாதி சுருங்கிவிட்டது.

எழுத்து மூலங்களிலும் இப்படித்தான் அடிபட்டேன். முதலாம் வருடத்தில் கோணேசர் கல்வெட்டைப் பார்க்கிறேன் என்று கோணேசர் கோயில் இருக்கிற பிரட்றிக் கோட்டைக்குள் ஒரு காலை முழுக்கக் கல்லுக் கல்லாகத் தேடினேன், மான்கள்தான் என்னைப் பார்த்தன. கோணேசர் கல்வெட்டு கல்லில் இல்லை! கவிராசவரோதயர் பெயரில் வழங்குகிற ஒரு நூல் அது, குளக்கோட்டன் என்ற அரசன் அந்தக் கோயிலுக்குச் செய்த ஏற்பாடுகளையும் தொழும்பு, அதாவது கோயில் பணி, செய்வோரின் கடமைகளையும் சொல்வது. கோட்டை வாசலில் மீன் சின்னத்தோடு இருக்கிற உடைந்த எழுத்துகள் வேறு, நிலாவெளியில் கிடைத்த, கோயிலுக்கு நிலம் விட்டதைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு வேறு. 1786இல் இங்கே ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன் ஊர் ஊராகப் போய் எழுதிய நாட்குறிப்பு இன்னொரு வகை: விளைச்சலைப் பெருக்க வழி தேடி வந்த அதிகாரியின் கண்ணுக்கு வயலும் குளமும்தான் பெரிதாகத் தெரியும். எழுதியவர் யார், யாருக்காக, எப்போது என்று ஒவ்வொன்றிடமும் கேட்காமல் நாலையும் ஒரே பந்தியில் "சான்றுகள் கூறுகின்றன" என்று போட்டால் அது வரலாறு ஆகாது.

அதே வருடம் என் மச்சானும் கன்னியாவையே எடுத்தான், அவன் இரசாயனம். எனக்குக் கதை எவ்வளவுக்கு மாறுபடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது, அவனுக்கு அளவீடு மாறினால் தூக்கம் போய்விடும். நீரின் பிஎச் பெறுமானத்தை, அதாவது அது எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை, கிணற்றடியிலேயே அளக்க வேண்டும், போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதற்குள் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறிப் பெறுமானமே மாறிவிடும். உலோகங்கள் பார்ப்பதற்கான மாதிரியில் நைத்திரிக்கமிலம் சேர்க்காவிட்டால் அவை போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் தரம் எடுத்த மாதிரி முழுவதையும் அவன் இப்படித்தான் கொட்டினான். அவன் சொன்னதில் என்னை வியக்க வைத்தது, நீரில் கரைந்திருக்கிற சிலிக்காவின் அளவைக் கொண்டு அந்த நீர் நிலத்தின் ஆழத்தில் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று மதிப்பிடலாம் என்பது.

ஆனால் அவனும் வைவாவில், அதுதான் வாய்மொழிப் பரீட்சையில், மாட்டினான். ஏழு கிணறு, ஆகவே ஏழு மாதிரி என்று புள்ளிவிபரம் போட்டிருந்தான். ஏழும் ஒரே முற்றத்துக்குள், ஒரே ஊற்றின் நீராக இருந்தால் அது ஒரே இடத்தை ஏழு தரம் அளந்ததுதானே என்று கேட்டார்கள். விஞ்ஞானப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அப்புறம், வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஆய்வு தோற்றுவிட்டது என்று அழ வேண்டாம், ஒழுங்காக அளந்திருந்தால் அதுவும் ஒரு முடிவுதான்.

சட்டம் படித்த தோழியின் கதை வேறு. அவளுடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே திருகோணமலை ஓர்ஸ்ஹில்லில் இருக்கிறது, அம்மாவுக்கு வடக்கில் சீதனக் காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தங்களுக்கு இன்னும் பொருந்துமா என்பது வீட்டில் சாப்பாட்டு மேசைச் சண்டை, அதையே தலைப்பாக்கினாள். முதல் வரைவில் 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது, 1806இல் ஆங்கிலேயர் சட்ட வலு கொடுத்தது என்று இருபது பக்கம் வரலாறு. "சட்டப் பிரச்சினை எங்க பிள்ளை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது, தேசவழமை யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிற "வட மாகாண வாசி" என்ற சொற்களின் பொருள். ஒருவர் நிரந்தரமாக வேறு மாகாணத்தில் குடியேறிவிட்டால் அந்தச் சொல்லுக்குள் வருவாரா? இதற்கு நூறு பேரிடம் கேட்டுப் பயனில்லை, நூறு பேர் ஆம் என்றாலும் சட்டம் மாறாது. நியதிச் சட்டமும் தீர்ப்புகளும்தான் அவளுடைய ஆய்வுகூடம். திருமணம், யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கு முன்பா பின்பா, 1947 திருத்தத்துக்குப் பின்பா என்பதைப் பொறுத்துப் பொருந்தும் விதியே மாறும். தீர்ப்பை வாசிக்கும்போதும் நீதிபதி எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும், போகிற போக்கில் சொன்னதையும் பிரிக்க வேண்டும், பின்னொரு தீர்ப்பு அதைத் தள்ளிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு இது தலைசுற்றல், அவளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி.

ஆனால் தேசவழமைக்கு உட்பட்டவர்களில் கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை விற்க முடியாது என்ற விதி நடைமுறையில் பெண்களை என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால், அப்போது ஆட்களிடம்தான் போக வேண்டும், அதற்கு வினாக்கொத்தும் சரி. கேள்வியைப் பார்த்துத்தான் கருவி.

ஆகவே தலைப்புக்கு முன் உங்கள் துறையில் ஏற்கெனவே நல்ல புள்ளி வாங்கிய மூன்று ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்து, முறையியல் அத்தியாயத்தை மட்டும் வாசியுங்கள். அவர்கள் எதைச் சான்றாக வைக்கிறார்கள், எதை வைக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடிக்குறிப்பா, அடைப்புக்குள் ஆண்டா என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம், ஒரு பின்னேர வேலை அது.

அனுமதிக் கடிதத்தை மட்டும் பிந்த விடாதீர்கள். கன்னியா தொல்லியல் திணைக்களத்தின் கீழ், புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கப் போகிறீர்கள் என்றால் வனசீவராசிகள் திணைக்களம், இரண்டுக்கும் பீடத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுத வேண்டும். மச்சான் எழுதியது செப்டெம்பர் கடைசியில். அனுமதி கையில் கிடைத்த கிழமை வடகீழ்ப் பருவமழை கொட்டத் தொடங்கியது. கோடைகால மாதிரிக்காக அவன் அடுத்த வருடம் வரை காத்திருந்தான்.