ஏற்காடு இறக்கத்துக்கு எந்த பிரேக் பேடு: கம்பெனியா, வெளியிலா?

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷனுக்கும் திரும்ப வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற பைக் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. வண்டிக் கம்பெனி பெயரில் வரும் பிரேக் பேடை வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். பேச்சே ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டி ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான்.

ஏனென்றால் கணக்கு அப்படி. வண்டியும் இரண்டு ஆளும் பையும் சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். மேலிருந்து கீழே வர 1000 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. சுமார் 30 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 9 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. கொஞ்சத்தைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்து டிஸ்க்கிலும், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற பேடுகளிலும்தான் இறங்கும். அதுவும் 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்துப் பிடித்து. நியூட்ரலில் இறக்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆட்களுக்கு எந்த பேடும் உதவாது.

முதலில் ஒன்று. கம்பெனி பேடு என்று பெட்டியில் வருவதை வண்டிக் கம்பெனி பெரும்பாலும் தானே செய்வதில்லை. பைபிரே, நிஸ்ஸின், என்டூரன்ஸ் மாதிரி பிரேக் பாகம் செய்பவர்களிடம் வாங்கித் தன் பெயரில் தருகிறது. ஆகவே பெட்டியின் மேலே இருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் உராய்வுப் பொருளைப் பார்க்க வேண்டும். அது மூன்று ரகம். ஆர்கானிக் என்பது நார்களையும் ரெசின் என்கிற பிசினையும் சேர்த்து அழுத்தியது: சத்தம் குறைவு, பிடி மெதுவாக வரும், டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் அதிகம் சூடானால் ரெசின் கருகி வாயு கிளம்பும், மேல்பரப்பு கண்ணாடி போல் பளபளத்துப் பிடி போய்விடும். சின்டர்டு என்பது செம்பு போன்ற உலோகத் தூளைச் சூட்டில் அழுத்தி இறுக்கியது. சூட்டையும் மழையையும் தாங்கும், நாளும் உழைக்கும். விலை அதிகம். செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவில்.

பல பேடுகளில் பின் தகட்டிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வுக் கெழு, அதாவது எவ்வளவு பிடிக்கும் என்கிற அளவு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் என்றால் அதற்கு மேல். மலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தைத்தான். ஜிஎஃப் என்று இருந்தால் சூட்டில் பிடி இறங்கும் என்று அர்த்தம். ஆனால் இந்த எழுத்துகள் பேடு எத்தனை நாள் உழைக்கும், டிஸ்க் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. எச்எச் போட்டிருந்தால் எல்லாவற்றிலும் ஒசத்தி என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

டிஸ்க்தான் முக்கியம். ஆர்கானிக் பேடுக்கென்று செய்த டிஸ்க்கில் சின்டர்டு போட்டால் பேடு உழைக்கும், டிஸ்க் தேயும். டிஸ்க் விலைக்குப் பல செட் பேடு வாங்கலாம். பேடு செய்பவரின் பட்டியலில் உங்கள் மாடலுக்கு சின்டர்டு இருந்தால் மட்டும் போடுங்கள். அதையும் முன்னால் மட்டும். பின்னால் கம்பெனி பேடே இருக்கட்டும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் ஈரமான வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

இதையெல்லாம்விட முதலில் செலவழிக்க வேண்டியது பிரேக் ஆயிலுக்கு. இறக்கத்தில் பிரேக் போவது இரண்டு விதம், இரண்டுக்கும் மருந்து வேறு. லீவர் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறிப் பிடி விட்டிருக்கிறது. லீவர் மெத்தென்று ஹேண்டில் வரை வந்துவிட்டது என்றால் ஆயில் கொதித்து ஆவி நின்றிருக்கிறது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரத்துக்கான எல்லை வெறும் 155 டிகிரி. டாட் 3 இன்னும் கீழே: 205, 140. இதில் ஏமாற்றுகிற விஷயம், வண்டி ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். கீழே வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரு குறையும் தெரியாது. சின்டர்டு பேடு சூட்டை, பேடைத் தள்ளுகிற பிஸ்டன் பக்கம் அதிகம் கடத்தும் என்பதால், பழைய ஆயிலோடு விலை உயர்ந்த பேடு போட்டவருக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். மூடியில் எந்த டாட் அடித்திருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

பெயரே தெரியாத மலிவு பேடு வேண்டாம். சீக்கிரம் தேய்வதுகூடப் பரவாயில்லை, உராய்வுப் பொருள் தகட்டை விட்டுக் கழன்று வருவதுதான் பயம். வாங்கும்போது ஓரத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் இடைவெளியோ வெடிப்போ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர் பெற்ற பேடுகளுக்கும் டூப்ளிகேட் உண்டு: மங்கலான அச்சு, தகட்டில் எண் இல்லாமை, ஒரே பெட்டியில் இரண்டு பேடும் இரண்டு நிறம் என்று ஏதாவது ஒன்றில் மாட்டும்.

மாற்றும்போது காலிபர் (பேடுகளையும் பிஸ்டனையும் தாங்கும் பாகம்) வண்டியில் இருக்கும்போதே பேடு பின்னைத் தளர்த்துங்கள், கழற்றிய பிறகு அது இறுக்கமாகத் தொல்லை கொடுக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் அதன் வெளிப்பக்க அழுக்கை சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் கொண்டு துடைத்தெடுங்கள். அப்படியே தள்ளினால் அழுக்கு ரப்பர் சீலுக்குள் போகும். பெட்ரோலும் டீசலும் பக்கத்தில் வரக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். தள்ளும்போது மேல் டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயிண்ட் உரியும், ஒரு துணியைச் சுற்றி வையுங்கள். கழற்றிய பழைய பேடுகளையும் பாருங்கள். பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிபர் நகரும் பின் இறுகியிருக்கிறது. துடைத்து சிலிக்கான் கிரீஸ் வைக்காமல் புதுப் பேடு போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும். டிஸ்க்கின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதில் அடித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டுவிடுங்கள். டிஸ்க்கில் பழைய பளபளப்பு இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். எல்லாம் பூட்டியதும் வண்டியை எடுக்கும் முன் லீவர் கெட்டியாகும் வரை பிடித்துப் பிடித்து விடுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்கில் லீவர் சும்மா வரும்.

புதுப் பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும். காலியான, சமமான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, பத்து தடவை செய்யுங்கள். சூடான டிஸ்க்கை பேடால் இறுக்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள், அந்த இடத்தில் திட்டுத் திட்டாக ஒட்டி லீவர் அதிரும். மலையில் ரோட்டோரம் நிறுத்தி டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், திடீர்க் குளிர்ச்சியில் அது கோணிக்கொள்ளும். முதல் 300 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். அதற்குப் பிறகு கோரிமேட்டைத் தாண்டி மேலே ஏறலாம்.