நரம்பு இல்லையாம், சிரையாம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்றுதான் எழுத வந்தேன். நிற்கிறேன் என்பதே சரி. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரைக்கு இறங்கலாம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அந்தக் கணக்கும் கிடையாது.

இடது கெண்டைக்காலில் முதலில் பச்சையாக ஒரு கோடு எழும்பியது. அப்புறம் மண்புழு மாதிரி நெளிந்து முழங்கால் வரை ஏறியது. சாயந்திரமானால் கால் கல்லாகக் கனக்கும். நம் பக்கம் இதற்கு ‘நரம்பு சுருட்டல்’ என்று பெயர். இரண்டு வருடம் என்னைச் சுற்றவிட்டது அந்தப் பெயர்தான். மருந்துக்கடையில் போய் நரம்புப் பிரச்சினை என்றேன். “இதப் போடுங்கண்ணே, நரம்புக்கு நல்ல சத்து” என்று பி12 மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார்கள். மாதாமாதம் வாங்கி விழுங்கினேன். அம்மா தன் பங்குக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் புண்ணாகி ஒரு மாதமாக ஆறாமல் கிடந்தபோதுதான் ரத்தநாள மருத்துவரிடம் போனேன்.

“இது நரம்பே இல்லைங்க” என்றுதான் அவர் ஆரம்பித்தார். “நரம்பு சேதி கொண்டுபோறது. இது ரத்தம் போற குழாய், சிரை.” ஊசி போடும்போது நர்சம்மாவே “நரம்பு கிடைக்க மாட்டேங்குதே” என்று தட்டித் தேடுகிற ஊர் இது. நான் என்னத்தைக் கண்டேன்?

டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்தே எடுத்தார்கள். ஜெல் தடவி, கருவியைத் தொடையில் வைத்துக்கொண்டு, கெண்டைச் சதையை ஒரு பிடி பிடித்து விட்டார். பிடித்தபோது திரையில் நீலம், ரத்தம் மேலே ஏறுகிறது. விட்டதும் சிவப்பு, அதே வழியாகக் கீழே இறங்குகிறது. “அரை விநாடிக்கு மேல கீழ இறங்குச்சுன்னா வால்வு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு மூணு விநாடி இறங்குது.”

வால்வு என்றால் எனக்கு மோட்டார் பம்புதான் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வலது கையைத் தொங்கவிடச் சொன்னார். முன்கையில் ஒரு சிரை புடைத்தது. அதில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலை அழுத்தி வைத்து, இன்னொரு விரலால் ரத்தத்தை முழங்கை நோக்கி வழித்து, ஒரு சின்ன முடிச்சைத் தாண்டியதும் எடுத்துவிட்டார். நடுவில் இருந்த சிரை தட்டையாகிக் காணாமலே போனது. மேலிருந்து ஒரு சொட்டு திரும்பி வரவில்லை. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து குபுக்கென்று நிரம்பியது. 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று நிரூபிக்கத் தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியது இதைத்தானாம். அந்த முடிச்சில்தான் வால்வு இருக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள்.

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகிற தமனிக்கும், திருப்பிக் கொண்டுவருகிற சிரைக்கும் சுவர் மூன்று அடுக்குதான். தமனியில் நடு அடுக்கு தடிமன்; இதயம் தள்ளுகிற ஒவ்வொரு தள்ளுக்கும் விரிந்து சுருங்கும், புது எலாஸ்டிக் மாதிரி. சிரையின் சுவர் மெல்லிசு. அழுத்தம் தொடர்ந்து ஏறினால், துவைத்துத் துவைத்துக் கழுத்து தொங்கிப்போன பனியன்தான். வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல் விலகிவிடும். பாதத்து ரத்தத்தை மேலே ஏற்றுவதே கெண்டைச் சதைதான். சும்மா நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் வரை போகும். நடந்தால் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நாம்தான் நடப்பதே இல்லையே, நிற்கிறோம். அம்மாவுக்கும் இது உண்டு என்பதால் பரம்பரையும் சேர்ந்துகொண்டது.

லேசர் வைத்துச் சிரையை மூடிவிடலாம் என்றதும் வீட்டுக்காரி கேட்டாள்: “குழாயவே அடைச்சுட்டா ரத்தம் எந்த வழியா டாக்டர் போகும்?” காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சதைக்குள் ஓடும் ஆழ்சிரை வழியாகத்தான் திரும்புகிறது. “மாசி வீதி தெறந்திருக்கும்மா, அடைக்கப்போறது ஒரு சந்து” என்றார். ஆழ்சிரையில் அடைப்பு இல்லை என்பதை ஸ்கேனில் முதலிலேயே பார்த்திருந்தார்கள்.

லேசர் வலிக்கவில்லை. அதற்கு முன்னால் தொடை நெடுக மரத்துப்போகிற தண்ணீரைக் குத்திக் குத்தி ஏற்றினார்களே, அது வலித்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்து, நடந்தே வெளியே வந்தேன். புண் ஆற இரண்டு மாதம் ஆனது.

அழுத்தக் காலுறைதான் பெரிய பாடு. சாயந்திரம், வீங்கின காலை அளந்து வாங்கிவிட்டேன்; காலையில் போட்டால் வழுக்கி இறங்கியது. எழுந்ததும் அளக்க வேண்டுமாம். விரல் பக்கம் திறந்த காலுறை என்றால், பாதத்தில் ஒரு வழவழப்பான கேரிபேக்கை மாட்டி அதன்மேல் இழுத்து ஏற்றிவிட்டு, விரல் பக்கமாகப் பையை உருவிவிடலாம். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதற்கு உபாயம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் பிரிவில் ஆறு பேருக்கு இரண்டு ஸ்டூல் இருக்கிறது. பெரும்பாலும் அதில் சேலைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். அதனால் கூட்டமில்லாத நேரத்தில் மேசைக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் பார்த்துவிட்டு, “என்னண்ணே, சாமி வந்துருச்சா?” என்றான். பேன்ட்டை முழங்கால் வரை ஏற்றச் சொன்னேன். அவனுக்கு இன்னும் ஒன்றுமில்லை, மழமழவென்று இருக்கிறது.