லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்டால், ரப்பரைவிட நெல்லைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகைக்கு உழுத குடும்பம் அது; மழை பொய்த்து, கடன் ஏறி, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் வாக்கை நம்பி, மலாயா ரப்பர் தோட்டத்துக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டிருந்தாலும், ஆள் சேர்ப்பது கங்காணிகளின் கையில்தான் இருந்தது.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுப்பு; பிறகு பால்மரம் வெட்டு, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. 1928-இல் முக்கியப் பகுதிகளில் நாள்கூலி ஆணுக்கு 50 காசு (சென்ட்), பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். பக்கத்து நிரையில் அதே மரங்களை வெட்டிய பெண்ணுக்கு இது பெரும் அநீதி.

குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு நிலத்தில்தான் எங்கள் பாட்டி மீண்டும் விவசாயியானார். வெண்டை விதையை இரவே ஊறவைத்து, அடுப்புச் சாம்பலும் மட்கிய சாணமும் கலந்த பாத்தியில் ஊன்றுவார். முருங்கைப் போத்தின் (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டின்) வெட்டுவாயில் சாணியை அப்பி, வேலியோரம் நடுவார். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து, கூலி குறைந்து, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, எங்கள் குடும்பம் பட்டினியின்றித் தாக்குப்பிடித்தது அந்தப் பாத்தியாலும், டவுனில் விற்ற பசும்பாலாலும்தான்.