அரியலூர்க் கல்லும் ஒரு மைனஸ் எண்ணும்

பழைய கடலின் சல்பேட், அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு, சுண்ணாம்புக்கல்லில் கொஞ்சம் சிக்கியிருக்கும். அதில் கனமான கந்தகம் 34, லேசான 32-ஐ ஒப்பிட எவ்வளவு என்று அளப்பதுதான் என் வேலை. பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்பதே அந்த எண். முதல் சுற்றில் எனக்கு வந்த இந்தக் கந்தக ஐசோடோப்பு அளவு −3. வர வேண்டியது +18, +19. ஐந்து மாத உழைப்பு வீண். மதுரையிலிருந்து இந்த வேலையில் இறங்குபவர்கள் யாரும் அப்படித் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

யானைமலை கண்முன் நின்றாலும் அது பூமிக்கடியில் வெந்து உருமாறிய கல். பழைய கடலின் சல்பேட்டை அதில் தேட முடியாது. கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இருக்கும் அரியலூர்தான் போக வேண்டும். மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் ஏறிப் போன முதல் தடவை சுரங்க வாசலோடு திரும்பினேன். கடிதத்தில் துறைத் தலைவர் கையெழுத்து இருந்தது, சீல் இல்லை. "சீல் இல்லாம உள்ள விட முடியாது தம்பி." அவ்வளவுதான். அடுத்த வாரம் சீலோடு போய் 12 கிலோ சுண்ணாம்புக்கல் எடுத்து வந்தேன். வெயில் மழை பட்ட மேல்தோலை அறுத்துவிட்டு உள்கல்லை மட்டும் பொடித்தேன்.

கோட்டை விட்டது அமிலத்தில். கல்லுக்குள் கடல் விட்டுப்போன சல்பேட் கொஞ்சம்தான் இருக்கும். கூடவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமமும் இருக்கும். சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா கனமான கந்தகம் 34-ஐ விட லேசான 32-ஐயே அதிகம் எடுக்கும். அதிலிருந்து உருவான பைரைட்டின் எண் கீழே கிடக்கும். நான் பொடியை இரவு முழுக்க அமிலத்தில் ஊறவிட்டேன். பைரைட் ஆக்சிஜனேற்றமாகி சல்பேட்டோடு கலந்துவிட்டது. சல்பேட்டைப் படியவைக்கும் பேரியம் குளோரைடு ஊற்றியதும் பால் திரிந்ததுபோல் வெள்ளையாக இறங்கியது. அவ்வளவு இறங்கியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில், வெளியே ஒட்டிய சல்பேட் போகப் பொடியை உப்புக்கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுவிய நீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள், கலங்குவது நிற்கும் வரை கழுவுவதை நிறுத்தாதீர்கள். எனக்கு ஏழு தடவை ஆனது. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலேயே சல்பேட் உண்டு. அப்புறம் ப்ளீச்சிங் கரைசல். அமிலத்தோடு ஸ்டானஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பைச் சேர்த்தால் பைரைட் அவ்வளவாக ஆக்சிஜனேற்றமாகாது. கல் கரைந்ததும் உடனே வடிகட்டிவிடுங்கள். வடிகட்டிய நீரைச் சூடாக்கி பேரியம் சேர்த்து ஒரு இரவு விட்டால் துகள் பருக்கும், வடிதாளில் நழுவாது. இந்தத் தடவை அடியில் தங்கியது சுண்டுவிரல் நகம் அளவு.

வெளிமாநில ஆய்வகத்துக்கு அனுப்பிய பார்சல் பிரிக்காமலே திரும்பியது. படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டிருந்தேனாம். ஒரு போன் செய்திருக்கலாமே! மறுபடி அனுப்பினேன்.

போன வாரம் முடிவு வந்தது: +18.4. இன்றைய கடல் +21. சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் எண் என் நோட்டில் இருக்கிறது.