சிட்னி வீட்டுப் பீலிக்கு எந்த வலை?

ஹோர்ன்ஸ்பிப் பக்கம் காட்டோரமாக வீடு வாங்குகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது மரங்களைப் பற்றித்தான். கம் மரம் (யூகலிப்டஸ்) இலை கொட்டக் குளிர்காலம் வரை பொறுத்திருக்காது. வருடம் முழுக்கக் கொட்டும், டிசம்பர், ஜனவரி வெயிலில் இன்னும் கூடக் கொட்டும், கூடவே பட்டை, சுள்ளி, காய் எல்லாம் கூரையில் சறுக்கி, கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்துகிற பீலிக்குள் விழுந்து மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். அதே மாதங்கள்தான் காட்டுத்தீக் காலமும்.

எங்கள் வீட்டுப் பீலிக்கு வலை போட்டதும் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது, "அப்ப இனி துப்புரவாக்கத் தேவையில்லைதானே?" என்று. தேவைதான், ஆனால் குறைவு. நான் வலை போட்ட காரணமே வேறு. 2003 ஜனவரி 18 அன்று கன்பராவில் ஏறத்தாழ 500 வீடுகள் எரிந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தீயின் சுவாலை நேரே வந்து தொடவில்லை, காற்றில் பறந்து வந்த தணல்தான் பற்றவைத்தது. 2019–20 கோடையில் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 2,400க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. தணல் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும், வீட்டில் எங்கே காய்ந்த சருகு கிடக்கிறதோ அங்கே விழுந்தால் அதற்குப் போதும். பீலியை ஒட்டி இருப்பது மரப்பலகை, அதற்கு மேலே ஓட்டுக்கு அடியில் இடைவெளி, அதற்குள்ளே கூரையின் மரச்சட்டங்கள். பீலியில் பிடித்த நெருப்புக்கு உள்ளே போக வழி தேடவே தேவையில்லை.

அதனால்தான் பிளாஸ்டிக் வலையைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கடையில் சுருளாக மலிவாகக் கிடைக்கும், நாமே வெட்டி வைத்துவிடலாம், ஆனால் இந்த வெயிலுக்குச் சில வருடத்தில் உக்கி நொறுங்கும், நெருப்பு வந்தால் அதுவே எரியும். பீலிக்குள் திணிக்கிற ஸ்பொஞ்சும் அப்படித்தான், சருகு அதன் மேலேயே படிந்துவிடும். காட்டுத்தீ அபாயப் பகுதியில் வீடு கட்டுவதற்கான ஏஎஸ் 3959 தரவிதி, பீலிக்கு வலை போட்டால் அது எரியாத பொருளாக இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே அலுமினியம் அல்லது உருக்கு. வலைக்கண்ணின் அளவில் நான் எடுத்தது 2 மில்லிமீட்டர். தணலைத் தடுக்க வீட்டின் மற்றத் துவாரங்களுக்கு அதே தரவிதி சொல்கிற எல்லை அதுதான், சவுக்கு ஊசியிலையும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும்.

உலோகம் என்றால் எந்த உலோகமும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். துருப்பிடிக்காது என்று கேட்டதும் பலர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போகிறார்கள், ஆனால் கலர்பொண்ட் என்கிற நிறம் பூசிய உருக்குத் தகரத்தோடு அது ஒட்டிக் கிடந்து ஈரமும் சேர்ந்தால் அரிக்கப்போவது உங்கள் கூரைத் தகரம்தான். கலர்பொண்ட் கூரை, பீலி என்றால் நிறம் பூசிய அலுமினிய வலை போடுங்கள். விலை சொல்ல வருகிறவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், ஆணி எந்த உலோகம் என்பதையும் சேர்த்து.

பூட்டுகிற விதம் கூரையைப் பொறுத்தது. ஓட்டுக் கூரையில் கீழ் வரிசை ஓடுகளுக்கு மேலாக வலையை விரித்து, மேல் முனையை இரண்டாம் வரிசைக்கு அடியில் செருகி, கீழ் முனையைப் பீலியின் வெளி விளிம்பில் பட்டி வைத்துத் திருகுவார்கள். நெளித் தகரத்தில் நெளிவின் முகட்டில் கிளிப் வைத்து இறுக்குவார்கள். எதுவானாலும் வலை கூரையின் சரிவோடு சேர்ந்து சாய்வாக இறங்கவேண்டும், அப்போதுதான் காய்ந்த சருகைக் காற்றே தள்ளிவிடும். தட்டையாகக் கிடந்தால் எல்லாம் அங்கேயே தங்கும். இரண்டு கூரை சந்திக்கிற பள்ளத்துக்கும் வலை கேளுங்கள், சருகு மிகக் கூடுதலாக இறங்குவது அந்த வழியால்தான். பழைய சருகு, சேறு எல்லாம் அள்ளி, தண்ணீர் விட்டுப் பார்த்து, குழாய்ப் பக்கம் ஓடுகிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் மூடவேண்டும். தொங்கிப்போன பீலிக்கு மேல் வலை போட்டால் உள்ளே தேங்குகிற தண்ணீர் கண்ணுக்கும் தெரியாது.

மழைத்தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு நன்மை, இலை ஊறிய தேத்தண்ணி நிறம் குறைகிறது. ஆனால் தூசியும் பறவை எச்சமும் வலையைத் தாண்டும், ஆகவே முதல் மழையை ஒதுக்கிவிடுகிற குழாயைக் கழற்றிவிடாதீர்கள்.

அப்புறம் ஏணி. நம் ஆட்களில் அறுபது தாண்டிய அப்பாமார் தனியே ஏணி வைத்து ஏறுவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. வலை போட்ட எங்கள் வீட்டில் இப்போது நீளத் தடி பூட்டிய தும்புத்தடியால் நிலத்தில் நின்றே விளிம்பைத் தட்டிவிட முடிகிறது. பள்ளங்களைப் பார்க்க மட்டும் ஆள் பிடிக்கிறோம், தீக்காலம் சட்டப்படி ஒக்டோபர் 1இல் தொடங்குவதால் செப்டெம்பருக்குள்.