ஞாயிறு சாயங்கால ஆராதனைக்கு அனுமதி வாங்கிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக உங்கள் சபையில் தனியாக ஓர் ஆராதனை தொடங்க நினைக்கிறீர்களா? இந்திப் பாட்டுப் புத்தகம் தேடி அலைவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சபைத் தேர்தல் எப்போது, வாக்காளர் பட்டியல் எப்போது எழுதுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். பழைய மிஷன் கோயில். சுற்றுவட்டாரத்தில் அரிசி ஆலைகள் நிறைய. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வருகிறவர்கள் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஆலையில் மூட்டை தூக்குகிற ஜார்க்கண்ட் பையன்கள் அப்படி இல்லை, வருடக்கணக்கில் இங்கேயே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் ஆலை வாசல் வழியாகப் போனபோது, நாங்கள் பாடிய பாட்டை அவர்கள் அவர்களுடைய வார்த்தைகளில் கூடவே பாடினார்கள். மெட்டு அதேதான். எங்கள் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இருப்பது போலவே அவர்களிடமும் ஜெர்மானிய மெட்டுகள் இருக்கின்றன. அவர்களுடைய ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு 1845இல் ஜெர்மன் மிஷனரிகள் போனார்கள், இங்கே தரங்கம்பாடிக்கு 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்தார். இந்தப் பையன்களுக்கு யாரும் புதிதாகச் சுவிசேஷம் சொல்லத் தேவையில்லை. நான்கைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஊரைவிட்டு வந்த பிறகு கோயிலுக்குப் போகாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காலை ஒன்பது மணி ஆராதனைக்கு வரச் சொன்னோம். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை லாரியில் லோடு ஏறும். அதற்கப்புறம்தான் குளித்து, துணி துவைத்து, சமைக்க வேண்டும். சாயங்காலம்தான் அவர்களுக்கு நேரம். சாயங்காலம் ஆறரைக்கு ஓர் ஆராதனை என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள் என்பதால் கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு உட்கார இடம் உண்டு, பேசவும் விடுவார்கள். ஓட்டு மட்டும் கிடையாது.

கமிட்டியில் மூத்தவர் ஒருவர் எழுந்தார். “டீச்சர், சாயங்கால ஆராதனை லெந்து காலத்துலதான். நம்ம பாரம்பரியத்தை மாத்தக் கூடாது” என்றார். லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். இன்னொருவர் தரங்கம்பாடியில் ஆரம்பித்தார். 1706இலிருந்து இப்படித்தானாம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. 1706இல் கீர்த்தனை ஏது? தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியவற்றைத்தானே இன்றைக்கும் ஆராதனையில் பாதி நேரம் பாடுகிறோம்! அப்புறம் வந்த மிஷனரிகள் சிலர் அந்தத் தமிழ்ப் பாட்டுகளையும் பண்டிகைக்குப் பூ வைப்பதையும் நிறுத்தப் பார்த்தார்கள், சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப் பார்த்ததுதான் இன்றைக்கு யாரும் தொடக்கூடாத பாரம்பரியம். அதே சாஸ்திரியார் கோயிலுக்குள் சாதி பார்த்து உட்காருவதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் மறைக்க வேண்டியதில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூர் சபையிலிருந்து எத்தனையோ பேர் வெளியேறினார்கள். பாரம்பரியம் என்று மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் அதற்குள் இதெல்லாமும்தான் இருக்கும்.

இதில் பாதியைக் கூட்டத்தில் சொன்னேன். மீதியை வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான், போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மா, அவங்க பிரச்சினை மணியும் இல்ல, பாட்டும் இல்ல. இந்தப் பையன்களை ரிஜிஸ்டர்ல ஏத்திட்டா அடுத்த எலக்‌ஷன்ல யாருக்கு ஓட்டுப் போடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதே” என்றார். எங்கள் சபைத் தேர்தல் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள், சுவரொட்டி மட்டும் இருக்காது. நாற்பது புதுப் பெயர் என்றால் எங்கள் மாதிரிச் சின்ன சபையில் கமிட்டியே மாறிவிடும்.

தெரிந்த பிறகு வேலை சுலபமானது. ஆயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஒரு வழி சொன்னார். வாக்குரிமையும் சந்தாவும் இல்லாமல் விருந்தினர் பதிவேடு என்று தனி நோட்டு ஒன்று. எனக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை. மனிதர்களைக் கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்தி வைக்கிற காரியம் அது. ஆனால் அந்த நோட்டைக் காட்டிய அன்றைக்கே பாரம்பரியம் பேசியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். லெந்து காலம் என்று சொன்ன மூத்தவர்தான் முதல் கையெழுத்து.

அடுத்தது திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற சடங்கு. ஆராதனைக்கு யாரும் வரலாம். திருவிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஞானஸ்நானம், திடப்படுத்தல் முடிந்தவர் என்று சொந்த சபையின் கடிதம் வேண்டும் என்று எங்கள் திருச்சபையின் தலைமை அலுவலகம் கேட்டது. நியாயமான விதிதான். பையன்கள் ஊருக்குப் போன் போட்டார்கள், அந்தந்த சபைப் போதகர்கள் கடிதம் எழுதிப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தாள்களைக் கையில்கூட வாங்கவில்லை. “இது இந்தியில இருக்கும்மா. யாரு படிக்கிறது?” என்றார். தமிழில் எழுதிக்கொண்டு போனேன். “அசல் எங்கே?” என்றார். தபாலில் அசல் வந்து, எடுத்துக்கொண்டு போனால், “ஆயர் வழியா வரணும், நீங்க நேரா கொண்டுவரக் கூடாது” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? கேட்டேன். “நீங்க கேக்கலையே” என்றார். அன்றைக்கு ஆடி மாத வெயில், திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நான் யாரைத் திட்டினேன் என்று எழுதினால் திருவிருந்தை எனக்கு நிறுத்திவிடுவார்கள்.

கடைசியில் காரியம் முடிந்தது ஒரு போன் காலில். எங்கள் ஆயர் சென்னைக் குருகுலம் இறையியல் கல்லூரியில் படித்தவர். அங்கே வடக்கத்திப் பிள்ளைகளும் படிப்பார்கள். அவருடைய ஹாஸ்டல் சிநேகிதர் ஒருவர் இப்போது ராஞ்சிப் பக்கம் போதகர். இருவரும் அரை மணி நேரம் பழைய மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், ஐந்து நிமிடம் கடிதத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் அத்தனை பேருக்கும் சேர்த்து, முத்திரையோடு, ஆங்கிலத்தில் ஒரே கடிதமாக எங்கள் ஆயர் பெயருக்கு அனுப்பிவைத்தார். ஆயர் மேலே ஒரு முகப்புக் கடிதம் வைத்து அனுப்பினார், மறு வாரம் அனுமதி வந்துவிட்டது. இதே வேலையில் இருப்பவர்களுக்கு: அலுவலகத்துக்கு நீங்களே போகாதீர்கள். உங்கள் ஆயரோடு படித்தவர் யார் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். கடிதம் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றாக, ஆங்கிலத்தில், ஆயர் பெயருக்கே வரட்டும்.

பிரசங்கத்துக்கு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கமிட்டியே பிடித்து வந்தது. வடக்கே பல வருடம் இருந்தவர், நல்ல இந்தி. முதல் ஞாயிறு முக்கால் மணி நேரம் பேசினார். பையன்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் அவர்களில் மூத்தவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு தீதி. டிவி நியூஸ் மாதிரி இருந்துச்சு” என்றான். வருடக்கணக்கில் இங்கே இருப்பதால் அவனுக்குத் தமிழ் நன்றாகவே வரும். அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் அவர்கள் யாரும் இந்தி பேசுவதில்லை. சிலர் வீட்டில் முண்டாரி, சிலர் வீட்டில் குடுக். எல்லாரும் சேர்ந்தால் சாத்ரி. இந்தி பள்ளிக்கூடத்தோடு சரி. வடக்கிலிருந்து வந்தால் இந்தி என்று நாமே முடிவுகட்டுவது, நம்மை ‘மதராஸி’ என்று சொல்கிறார்களே, அதே வேலைதான். இப்போது வேதவாசிப்பு மட்டும் இந்தியில். ஜெபம் அவரவர் மொழியில். பிரசங்கம் ஆயர் தமிழில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்வார், மூத்தவன் சாத்ரியில் சொல்வான். ஆயர் சொல்வதைவிட அவன் சொல்வது நீளமாக இருக்கிறது. என்ன சேர்க்கிறான் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

உட்காரும் இடத்துக்கும் ஒரு ரகளை வந்தது. பின் பெஞ்சுகளைக் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். முன் பெஞ்சுகள் சில குடும்பங்களுக்கு என்பது எழுதாத சட்டம், சாயங்காலத்தில் அந்தக் குடும்பங்கள் வரப்போவதே இல்லை என்றாலும்! ஆயர் வாதாடவில்லை. பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தச் சொல்லி, பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து, தானும் பாயில் உட்கார்ந்துவிட்டார். ஆயர் உட்கார்ந்த இடத்தைப் பின் இடம் என்று எப்படிச் சொல்வது? 1833இல் ஆணை போட்டு நடக்காதது பாயில் நடந்தது.

போலீஸ் விஷயம். ஆராதனை தொடங்கிய சில வாரத்தில் வெளி ஆட்களைக் கூட்டி வைத்து ஏதோ நடத்துகிறார்கள் என்று யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வந்த காவலர் பாவம், நல்ல மாதிரி. வந்தவர்கள் எல்லாம் முன்பே கிறிஸ்தவர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். ராஞ்சிக் கடிதத்தைக் காட்டினோம். அந்த அலுவலகத்தில் நான் பட்ட பாடு அன்றைக்கு உதவியது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், உள்ளே பாக்ஸ் போதும் என்றார். சரி என்றோம். கேரலுக்கு மட்டும் தெருப் பெயர்கள், நேரம் எல்லாம் எழுதி முன்கூட்டியே மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், கேரல் பார்ட்டிக்கு மட்டும் பத்தேகால் ஆகும்வரை நினைவு வராது. ஆலை முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் முதலாளி கோயிலுக்குப் போகிற பையன் சனிக்கிழமை ராத்திரி குடிக்க மாட்டான் என்ற கணக்கில் சந்தோஷமாகச் சம்மதித்தார். கணக்கு முழுக்கச் சரியில்லை, ஆனாலும் சம்மதம் சம்மதம்தானே.

தையில் சம்பா அறுத்ததும் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. முதல் நெல், வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். பையன்களுக்கு நிலமா இருக்கிறது? கையை வீசிக்கொண்டு வரக் கூச்சப்பட்டார்கள். அவர்கள் ஊரிலும் புது நெல்லைக் கோயிலில் படைத்த பிறகுதான் வாயில் வைப்பார்களாம். கேட்டதும் உபதேசியார் தன் களத்திலிருந்து ஒரு மரக்கால் புது நெல் அளந்து கொடுத்தார். ஆலைக் கொட்டகையில் ராத்திரி ஊறவைத்து, வறுத்து, உலக்கையில் இடித்து அவலாக்கி, பித்தளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஏலத்தில் அந்த அவலைக் கேட்டவர் யார் தெரியுமா? முதல் கூட்டத்தில் தரங்கம்பாடி பேசியவர்தான். எதிர்த்துக் கேட்டவர் வாக்காளர் பட்டியலுக்குப் பயந்த கோஷ்டித் தலைவர். இருவருக்கும் பழைய பகை. ஒருவர் நூறு ஏற்றினால் மற்றவர் இருநூறு ஏற்றினார். கடைசியில் கோழியைவிட அவல் அதிக விலைக்குப் போனது. பொருளாளர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

விருந்தினர் பதிவேடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் அந்தப் பையன்களில் ஒருவனுக்கு இங்கே குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுத்தால் குழந்தையின் பெயரைச் சபைப் பதிவேட்டில்தான் எழுத வேண்டும், விருந்தினர் நோட்டில் எழுத முடியாது. பிள்ளை சபை அங்கத்தினர், தகப்பன் விருந்தினரா என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். பதில் அடுத்த கூட்டத்தில் சொல்கிறார்களாம். இந்த முறை ஆயர் வழியாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.